மறுமொழி: ‘ஸ்ரெயின்’ என்றால் மரக்கறையா?

வணக்கம்.

மரத்துக்கு நிறம் கொடுக்க அடிக்கும் ‘ஸ்ரெயின்’ (wood stain) என்ற திரவத்துக்கு எங்கள் தச்சுப் பயிற்சிக் கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்பதுதான் இங்கே பேச்சு. வவுனியா அண்ணை ‘மரக்கறை’ என்றார், அக்கா ஒருவர் ‘மரச்சாயம்’ என்றார். அண்ணை எழுதியதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, குறை நினைக்க வேண்டாம். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் ‘இங்கே மரக்கறை கிடைக்கும்’ என்று பலகை போட்டுப் பாருங்கள். ‘மரக்கறி’ என்று வாசித்துக் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் வாங்கத்தான் ஆட்கள் வருவார்கள்.

சிரிப்பை விட்டுப் பார்த்தாலும் ‘கறை’ பொருந்தவில்லை. வேண்டாமல் வந்து ஒட்டியதைத்தான் கறை என்கிறோம். சட்டையில் வாழைக்கயர் பட்டால் கறை. தச்சு வேலையிலேயே அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது: துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பாணி அடித்தால், மழை நனைந்ததும் ஆணியைச் சுற்றிக் கருநீலமாக இறங்கும். கையேட்டில் அதைக் ‘கறை’ என்றே எழுதிவிட்டோம். ஒரே பக்கத்தில் ‘கறை பூசுக’ என்றும் ‘கறை படாமல் பார்த்துக்கொள்க’ என்றும் வந்தால் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் எங்களை ஏசுவார்கள்.

அக்கா சொன்ன ‘மரச்சாயம்’ இதைவிட நல்லது. சாயம் வன்னிக்குப் புதிய சொல்லும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் துணிக்குச் சிவப்பேற்றச் சாயவேர் கிண்டிய நிலம் இது. ஆனால் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. சாயம் என்றால் கரைவது. வெயிலில் கிடக்கும் மரத்துக்கு அடிக்கிற ஸ்ரெயினில் வேலை செய்வது பெரும்பாலும் கரையாத நிறப்பொருள், இரும்பு ஒட்சைட்டுப் போன்ற நுண்ணிய தூள். மர நாரை இறுகப் பிடித்திருக்கும் இலிக்னின் என்ற பொருளைச் சிதைத்து மரத்தைச் சாம்பல் நிறமாக்கும், வெயிலின் கழியூதாக் கதிர்களை (UV) அந்தத் தூள்தான் மறிக்கிறது. வெறும் சாயமென்றால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் அலுமாரிக்கு ‘மரச்சாயம்’ என்பதை நான் மறுக்க மாட்டேன். வெளி வேலைக்கு வேறு சொல் வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். விறாந்தை ஓரத்தில் இருப்பதற்கு ஒரு தேக்கு வாங்கு போட்டிருந்தேன். கடையில் ‘நல்ல பளபளப்பு, எதற்கும் தாங்கும்’ என்று தந்த தெளிந்த வார்ணிஷை மூன்று தரம் அடித்தேன். ஒரு மாரி போனது, அடுத்த கோடையில் அது பாம்புச் சட்டை மாதிரிக் கழன்றது. தெளிந்த படலத்தினூடே வெயில் உள்ளே போய் அடியில் மரத்தின் மேற்பரப்பைத் தளர்த்தியிருக்கிறது, வெடிப்பால் இறங்கிய தண்ணீர் மிச்சத்தைச் செய்திருக்கிறது. அதைச் சுரண்டித் தர வந்த தச்சர், கையில் ஸ்ரெயின் பேணியை வைத்துக்கொண்டு சொன்னார்: “இது பூசுறேல்லைத் தம்பி, ஊற விடுறது.”

எனக்குச் சொல் அங்கேதான் கிடைத்தது. ஊறுநிறம். ஊறுகாய் போல வினைத்தொகை; ஊறிய, ஊறுகிற, ஊறும் நிறம்.

இந்தச் சொல்லில் செய்முறையும் அடங்கிவிடுகிறது என்பதால் எனக்கு இன்னும் பிடிக்கிறது. மரம் ஊறத் தயாரா என்று பார்க்க நாலு துளி தண்ணீர் விடுங்கள். சில நிமிடத்தில் இழுத்துவிட்டால் சரி. முத்தாக நின்றால் பழைய பூச்சு இருக்கிறது, அல்லது மரம் இன்னும் ஈரம். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கோடையிலும் உச்சி வெயிலில் அடித்தால் ஊற முதலே மேலே காய்ந்துவிடும். காலையில், நிழல் விழும் பக்கமாகத் தொடங்க வேண்டும். பலகையின் வெட்டு முனைகள்தான் அதிகம் குடிக்கும், அங்கே கஞ்சத்தனம் கூடாது. பதினைந்து இருபது நிமிடம் ஊற விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டது பிசுபிசுவென்று நிற்கும், தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். (துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம். எண்ணெய் வகை ஊறுநிறத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.)

இனி மறுப்புகள். ‘ஊறு என்றால் கேடும்தானே’ என்று ஒருவர் கேட்கலாம். ஆம், இடையூறு அதில் பிறந்ததுதான். ஆனால் ஊறுகாயைத் தின்று கேடு வந்தது என்று யாரும் சொல்லை மாற்றவில்லை.

‘பாலை மரத்திலும் முதிரையிலும் என்ன ஊறும்?’ என்பது அதைவிடக் கனமான கேள்வி. வைரம் இறுகிய அந்த மரங்கள் அதிகம் குடிக்காதுதான். அதற்குச் சொல்லை மாற்ற வேண்டாம், மெல்லிதாக ஒரே தரம் அடித்து நன்றாகத் துடைக்கச் சொன்னால் போதும். பழைய ஆட்கள் வேலிக் கப்புக்குக் கழிவு ஒயில் விட்டதும் மரத்துக்குள் ஊறட்டும் என்ற எண்ணத்தில்தான். ஆனால் அதை ஊறுநிறக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கை வைக்கிற, ஆள் இருக்கிற மரத்துக்கு அது ஆகாது.

எனக்கே தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. மரத்தின் வரி தெரிகிற வகைக்கு ‘வரிதெரி ஊறுநிறம்’ என்று வைக்கலாம். வரியை முழுதாக மூடுகிற வகைக்கு ‘வரிமறை ஊறுநிறம்’ என்று முதலில் எழுதினேன், பிறகு வெட்டினேன். பேணியில் ஸ்ரெயின் என்று போட்டிருந்தாலும் அது மெல்லிய பெயின்ற் மாதிரி மேலே படலமாகத்தான் படியும். சுவர்ப் பலகைக்குப் பரவாயில்லை. ஆள் நடக்கிற பலகைத் தளத்தில் கால்படும் இடத்திலிருந்து உரியத் தொடங்கும். ஊறாததை ஊறுநிறம் என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளை அதைத் தரைக்கு அடித்துவிட்டு வந்து நிற்கும். ‘வரிமறை பூச்சு’ என்று தனியாக வைப்பதே நேர்மை என்று நினைக்கிறேன். கடைக்காரர் ஒரே தட்டில் அடுக்கியிருக்கிறார் என்பதற்காக நாங்களும் ஒரே சொல்லில் அடுக்க வேண்டியதில்லை.

வரைவு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வரிமறை பூச்சு’ வேண்டாம் என்பவர்கள் அதற்கு முன் எழுதுங்கள். ‘மரக்கறை’ மட்டும் வேண்டாம், அண்ணை.