படிக்கத் தெரிந்தும் பொருள் தெரியாத மொழி

புதுக்கோட்டையிலிருந்து திருமணமாகி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது, மலாயில் ஒரு சொல்லும் அறியாத நான் அம்மொழியை உரக்கப் படிக்கக்கூடியவளாக இருந்தேன். மலாய் இன்று பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. ஏறக்குறைய எழுதியபடியே ஒலிக்கவும் செய்கிறது. கோலாலம்பூரிலிருந்து வந்த ரயிலில் கண்ணில் பட்ட அறிவிப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. எழுத்தே தெரியாத நாட்டுக்குப் போயிருந்தால் இத்தகைய தவிப்பு இருந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஊருக்குள் தமிழுக்குக் குறைவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அவற்றை வாங்குவதற்காகத் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே வீட்டிலும் கோயிலிலும் எனக்கு இடர் இருக்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில்தான் மலாயை நேருக்கு நேர் சந்தித்தேன்.

முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது தாதி ஒரு படிவத்தைக் கொடுத்தார். உடன் வந்திருந்த அத்தை, சிறுமியாக இருந்தபோதே பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனவர். மலாயைத் தோட்டத்திலும் பாசார் எனப்படும் சந்தையிலும் காதால் கேட்டே கற்றவர். எழுத்து அவருக்குப் பழக்கமில்லை. "நீ படிம்மா, நான் சொல்றேன்" என்றார். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, இது விலாசம், இது கணவரின் வேலை என்று அவர் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். என் உச்சரிப்பு பிசகிய இடங்களில் மறுபடி படிக்கச் சொல்லித் தாமே ஒலியைத் திருத்தினார். குடியுரிமை பற்றிய கேள்வியை மட்டும் நான் படித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். அவருடைய தந்தை இந்நாட்டிலேயே பால் வெட்டி முதுமையடைந்தும், குடிமக்களுக்குரிய நீல அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையுடனேயே இறந்தவர். அக்கேள்விக்கு என்ன பதில் எழுத வேண்டியிருக்கும் என்பதை அந்தக் குடும்பம் பல அலுவலகங்களில் காத்திருந்து அறிந்திருந்தது.

அரசாங்கத் தாள்களின் மலாய், பாசார் மலாயைவிடக் கடினமானது. முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து வேர்ச்சொல்லை நடுவில் மறைத்துவிடும். அத்தை அந்த வேரைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பார். மலாய் அகராதிகளும் வேர்ச்சொல்லின் கீழ்தான் மற்றச் சொற்களைத் தொகுக்கின்றன என்பதைப் பின்னர் அறிந்தபோது, பள்ளிக்கூடம் அதிகம் காணாத அவர்மீது எனக்கு மதிப்பு இன்னும் கூடியது. எனக்கு வாய்த்த மிகச் சிறந்த மொழியாசிரியர் அவரே.

புதிதாக வரும் பெண்களிடம் எண்களை முதலில் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். கிளினிக்கில் வரிசை எண் அழைப்பதும் கடையில் விலை சொல்வதும் அவற்றால்தான். படிவங்களையும் மின்கட்டண ரசீதுகளையும் இப்போது நானே படித்துப் புரிந்துகொள்கிறேன். அதிகாரிகள் தொலைபேசியில் வேகமாகப் பேசும் மலாய் மட்டும், கண்ணால் பார்க்க எழுத்து இல்லாததால், இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அத்தகைய அழைப்புகள் வந்தால் அத்தைதான் பேசுகிறார்.