மேலத்தெரு சொந்தங்கள்

கார்த்தி: அப்பாவுக்கு ஆஞ்சியோ பார்த்தாயிற்று. இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

செல்வி அத்தை: ஐயோ. அண்ணன் பேசுகிறாரா தம்பி?

கார்த்தி: பேசுகிறார் அத்தை. இரண்டு இட்லி சாப்பிட்டார்.

மலர் அக்கா: காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். பாப்பா காதுகுத்து 14ஆம் தேதி. தள்ளி வைக்கலாமா?

பெரியப்பா: கார்த்தி, அட்டை இல்லை என்று ஏன் சொன்னாய்?

கார்த்தி: 2013இல் அம்மா ஆபரேஷனுக்குக் கேட்டபோது வருமானம் கூடுதல் என்று தரவில்லையே பெரியப்பா.

செல்வி அத்தை: என் வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான்.

முத்து மாமா: செல்வி, அது இப்போது எதற்கு?

பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். அன்றைக்கு வரம்பு வருஷத்துக்கு 72,000. கார்த்தி அப்பா முருகேசனுக்கு 78,000 என்று சான்றிதழ் வந்ததால் தள்ளிவிட்டார்கள். ஆனால் இந்தத் திட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2009இல் கலைஞர் காப்பீடு வந்தபோது குடும்பத்துக்கு 4 வருஷத்துக்கும் சேர்த்தே 1 லட்சம்தான். 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் வருஷத்துக்கு 1 லட்சம் என்று ஆனது. 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து 5 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும்போது அரசாணை போட்டு வரம்பு, தொகை, சிகிச்சைப் பட்டியல் எல்லாவற்றையும் மாற்றுவார்கள். 2022 ஜனவரியில் அப்படிப் புதுப்பித்தபோதுதான் வருமான வரம்பு 1,20,000 ஆனது. ஒரு தடவை இல்லை என்றார்கள் என்பதற்காக நாம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

முத்து மாமா: அட.

மலர் அக்கா: அப்போ சித்தப்பாவுக்குக் கிடைக்குமா? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அதான் கேட்டேன்.

பெரியப்பா: ரேஷன் கார்டில் யார் யார் பெயர்? கார்த்தி சம்பளம் சேர்ந்தால் தாண்டிவிடும்.

கார்த்தி: கல்யாணத்துக்கு அப்புறம் நான் தனிக் கார்டு வாங்கிவிட்டேன். பழைய கார்டில் அப்பா, அம்மா மட்டும்தான்.

செல்வி அத்தை: அதற்குத்தானே அண்ணி ஆறு மாதம் உன்னோடு பேசவில்லை.

அம்மா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் செல்வி. மாமா, கடைசியாக எடுத்த சான்றிதழில் 96,000. பீரோவில் இருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் வரம்புக்குள்தான். ஆனால் பழையதை நம்பாதே, விஏஓவிடம் புதிதாக வாங்கிவிடலாம். அதோடு ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

கார்த்தி: அப்பா படுத்திருக்கிறாரே, அவரும் வர வேண்டுமா?

பெரியப்பா: 1800 425 3993க்கு இப்போதே போன் போட்டுக் கேள். இந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்றும் கேள். அட்டை கைக்கு வரும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. டாக்டர் அவசரம் என்றால் மட்டும் பணத்தைப் பார்க்காதே, நான் வருகிறேன்.

முத்து மாமா: விஏஓ யார் இப்போது? பழையவர் மாறிவிட்டாரே.

மலர் அக்கா: காதுகுத்து?

செல்வி அத்தை: அண்ணன் இல்லாமல் யார் மடியில் உட்கார வைப்பது? பொறு.

கார்த்தி: டாக்டர் வருகிறார், அப்புறம் சொல்கிறேன். அம்மா, மாட்டுக்குத் தண்ணி வைத்தாயா என்று அப்பா கேட்கிறார்.