அப்டேட்டுக்குப் பிறகு கியாஸ்க் ஆப் தானாகத் திறப்பதில்லை. 11 டேப்லெட்டில் ஒன்று மட்டும் ஒழுங்காக இருக்கிறது

மூன்று_மாடி (கேள்வி)

வணக்கம். ஒரு நூலகத்தில் புத்தகம் தேடுவதற்கு வைத்திருக்கும் டேப்லெட்டுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாடிக்கும் சேர்த்து 11. சுவரில் இரும்புச் சட்டம், அதற்குள் டேப்லெட், சட்டத்துக்கு நான்கு திருகு. பவர் பட்டன் சட்டத்துக்குள் மறைந்துவிடும் என்பதால் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யவே ஸ்க்ரூடிரைவர் வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், "இன்னும் பத்து தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்" என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

கியாஸ்க் ஆப்பை (டேப்லெட்டில் இது ஒன்று மட்டுமே தெரிய வேண்டும்) எழுதியவர் எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர். சோர்ஸ் என்னிடம் இருக்கிறது. டேப்லெட் ஆன் ஆனதும் பூட்-கம்ப்ளீட்டட் பிராட்காஸ்ட் (ஆன் ஆகி முடிந்தது என்ற சிஸ்டம் அறிவிப்பு) வரும், அதைப் பிடித்து ஆப் முன்னால் வந்து நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நான் வந்ததிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை.

போன வாரம் ஒரு ராத்திரியில் எல்லா டேப்லெட்டும் தாமாகவே ஆண்ட்ராய்டு 9இலிருந்து 10க்கு மாறியிருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தால் வெறும் ஹோம் ஸ்க்ரீன். சிறுவர் பகுதி டேப்லெட்டில் நான் கீழே இறங்குவதற்குள் 43 செல்ஃபி எடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று வால்பேப்பராகவும் ஆகியிருந்தது: ஒரு நெற்றி, பாதிக் கண்.

ஐகானைத் தொட்டால் ஆப் நன்றாகத் திறக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் வருவதில்லை. கிராஷ் ஆனதாக எந்தச் செய்தியும் இல்லை. ஆப்பில் ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை. அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டேன், கேஷை அழித்தேன், பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தேன், கடைசியாக ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

குழப்பமே இனிமேல்தான். இரண்டாம் மாடி ஜன்னலோரத்து டேப்லெட் மட்டும் எப்போதும்போல ஆப்பைத் திறக்கிறது! அதே மாடல், அதே அப்டேட், அதே ஏபிகே (ஆப்பின் இன்ஸ்டால் ஃபைல்). முதல் மாடியில் இரண்டு டேப்லெட் பின் நம்பர் கேட்டு நிற்கின்றன. போட்ட பிறகும் ஆப் வருவதில்லை. இது ஒரு பிரச்சினையா, மூன்றா?

சும்மா_சொல்றேன்

அப்டேட்டை ஆஃப் பண்ணி வைக்காதது முதல் தப்பு. பழைய வெர்ஷனுக்கே திருப்பிவிடுங்கள், வேலை முடிந்தது.

மூன்று_மாடி

இந்த மாடலுக்குப் பழைய ஃபர்ம்வேர் (சிஸ்டம் மென்பொருள்) எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் 44 திருகைக் கழற்றி மாட்ட வேண்டும்.

லாக்_பார்த்தீங்களா

பிரச்சினை மூன்று இருக்கலாம், ஆனால் பெரியது ஒன்றுதான்.

ஆண்ட்ராய்டு 10இல், அதாவது 2019இல், ஒரு விதி வந்தது. பின்னணியில் கிடக்கும் ஆப் தன் இஷ்டத்துக்குத் திரையை எடுத்துக்கொள்ளக் கூடாது. பூட் ஆனதும் உங்கள் ரிசீவர் (பிராட்காஸ்ட்டைப் பிடிக்கும் பகுதி) ஓடுகிறது, ஆப்பின் திரையைத் திறக்கச் சொல்லி ஸ்டார்ட்-ஆக்டிவிட்டி என்று கூப்பிடுகிறது, சிஸ்டம் அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. எக்செப்ஷன் வராது, கிராஷும் ஆகாது. ஆப்பை மாற்றவே இல்லையே என்று கேட்கிறீர்கள் இல்லையா, பழைய வெர்ஷனை டார்கெட் செய்து எழுதிய ஆப்புக்கும் இந்த விதி பொருந்தும். பத்தில் ஓடினால் பத்தின் விதிதான்.

ஊகத்தை விடுங்கள், லாக்கைப் பார்ப்போம். ஒரு டேப்லெட்டை ஏடிபியில் (கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் கருவி) மாட்டி, ரீஸ்டார்ட் ஆனதும் லாக்கேட்டில் (சிஸ்டம் எழுதும் பதிவு) ஆக்டிவிட்டி-டாஸ்க்-மேனேஜர் பெயரில் "பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டி ஸ்டார்ட்" என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கத்திலேயே உங்கள் பேக்கேஜ் பெயரும் (சிஸ்டத்துக்குள் ஆப்புக்கு உள்ள பெயர்) இருக்கும்.

மூன்று_மாடி

தரைத்தளத்து டேப்லெட்டில் பார்த்தேன். அப்படி ஒரு வரியே இல்லை. எங்கள் ஆப்பின் பெயரே லாக்கில் எங்கும் வரவில்லை, ரிசீவர் ஓடியதாகவும் தெரியவில்லை. அப்படியானால் நீங்கள் சொன்ன விதி இங்கே பொருந்தவில்லையா?

லாக்_பார்த்தீங்களா

ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அதன் பிறகு அந்த டேப்லெட்டில் ஆப்பை ஒரு தடவையாவது கையால் திறந்தீர்களா? இல்லையென்றால் அதுதான் காரணம். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.1இலிருந்தே உள்ள ஏற்பாடு இது: ஃபோர்ஸ் ஸ்டாப் செய்த ஆப்பும், புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஆப்பும் "நிறுத்தப்பட்ட நிலை"யில் இருக்கும். பூட் ஆன சேதியே அதற்குப் போகாது. ஒரு கோளாறைத் தேடப் போய் இன்னொன்றை நீங்களே அதன் மேல் போட்டு மூடிவிட்டீர்கள். நானும் இதே மாதிரி ஒரு முழு நாளைத் தொலைத்தவன், வருத்தப்படாதீர்கள்.

ஐகானைத் தொட்டுத் திறந்துவிட்டு, ஃபோர்ஸ் ஸ்டாப் பக்கமே போகாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பின் கேட்கும் இரண்டைப் பற்றி: அந்தப் பின்னை யார் வைத்தது? ஆண்ட்ராய்டு 7க்குப் பிறகு, ஃபைல் அளவில் என்கிரிப்ட் செய்யும் கருவிகளில், பின்னைப் போட்டுத் திறக்கும்வரை பூட்-கம்ப்ளீட்டட் வராது. அதற்கு முன்பு வருவது லாக்ட்-பூட்-கம்ப்ளீட்டட் என்ற வேறொன்று. ஆளில்லாமல் ஓட வேண்டிய திரைக்குப் பின் நம்பர் பூட்டே கூடாது.

மூன்று_மாடி

வரி வந்துவிட்டது! எங்கள் பேக்கேஜ் பெயரோடு.

பின் வைத்தது என்னோடு வேலை பார்ப்பவர். 43 செல்ஃபி கதையைக் கேட்டுவிட்டு, முதல் மாடியிலும் அப்படி நடக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்திருக்கிறார். எடுத்தாயிற்று.

ஜன்னலோரத்து டேப்லெட் மட்டும் இன்னும் புரியவில்லை.

லாக்_பார்த்தீங்களா

அதில் செட்டிங்ஸில் எங்கள் ஆப்பின் பக்கத்துக்குப் போய், மற்ற ஆப்புகளுக்கு மேலே காட்டும் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

("எங்கள் ஆப்" என்றே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

மூன்று_மாடி

இருக்கிறது! மற்ற பத்திலும் இல்லை. இப்போது ஞாபகம் வருகிறது, "மூடும் நேரமாகிவிட்டது" என்று ஒரு மிதக்கும் குமிழ் காட்டும் வசதியை எழுதியவர் அந்த ஒரு டேப்லெட்டில்தான் சோதித்துப் பார்த்தார். பிறகு அந்த வசதியையே கைவிட்டுவிட்டார். அனுமதி மட்டும் அப்படியே தங்கியிருக்கிறது.

அப்படியானால் பத்திலும் இதைக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா?

லாக்_பார்த்தீங்களா

நாளைக் காலையில் நூலகம் திறக்க வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள். பின்னணியிலிருந்து திரையைத் திறக்கும் தடைக்கு உள்ள விலக்குகளில் இந்த அனுமதியும் ஒன்று. ஆனால் இது ஒட்டு வேலை. ஆண்ட்ராய்டு 10இன் கோ பதிப்பில் (திறன் குறைந்த கருவிகளுக்கானது) இந்த அனுமதியே கிடையாது. 15இல் இதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்கள்: இதை நம்பிப் பின்னணியிலிருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பைக் காட்டியபடி ஓடும் வேலை) தொடங்க வேண்டுமென்றால், மிதக்கும் ஜன்னல் ஒன்று நிஜமாகவே திரையில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அடுத்த அப்டேட்டில் என்ன வரும் என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே இருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், பூட் ஆனதும் ஓடிவந்து திரையைப் பிடிப்பது என்ற யோசனையே கியாஸ்க்குக்குத் தவறு. வீட்டுக்காரனாக இருக்க வேண்டியவன் ஏன் ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்க வேண்டும்? மேனிஃபெஸ்டில் (ஆப் தன்னைப் பற்றிச் சிஸ்டத்துக்குச் சொல்லும் ஃபைல்) உங்கள் ஆக்டிவிட்டிக்கு, அதாவது ஆப்பின் திரைக்கு, ஹோம், டிஃபால்ட் என்ற இரண்டு கேட்டகரியையும் சேருங்கள். அப்போது உங்கள் ஆப்பையே லாஞ்சராக, அதாவது ஹோம் ஸ்க்ரீனாகத் தேர்ந்தெடுத்துவிடலாம். பூட் முடிந்ததும் சிஸ்டமே அதைத் திறக்கும், பிராட்காஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹோம் பட்டனை அழுத்தினாலும் அதுதான் வரும். ஆப்பை அப்டேட் செய்யும்போது அது ஒரு கணம் செத்து விழும் இல்லையா, அப்போதும் சிஸ்டம் ஹோமைத் தேடி உங்களிடமே திரும்பும்.

அதற்கு மேல் டிவைஸ் ஓனர், அதாவது டேப்லெட் முழுவதையும் நிர்வகிக்கும் உரிமையை ஆப்புக்குக் கொடுப்பது. ஏடிபி ஷெல்லில் டிபிஎம் கட்டளையால் வைக்கலாம். டேப்லெட்டில் எந்தக் கணக்கும் லாகின் ஆகியிருக்கக் கூடாது, இருந்தால் மறுத்துவிடும். ஓனர் ஆகிவிட்டால் ஹோம் தேர்வை யாரும் மாற்ற முடியாதபடி நிலைநிறுத்தலாம், 5.0இலிருந்து இருக்கும் லாக் டாஸ்க் முறையில் வேறு ஆப்புக்குப் போக முடியாதபடி திரையைப் பூட்டலாம். ஆக்டிவிட்டியில் லாக்-டாஸ்க்-மோட் என்பதற்கு இஃப்-வைட்லிஸ்டட் என்று கொடுத்தால், திறக்கும்போதே பூட்டிக்கொள்ளும்.

அப்டேட்டும் அப்போது உங்கள் கைக்கு வந்துவிடும். 6.0இலிருந்து உள்ள சிஸ்டம் அப்டேட் பாலிசியில் 30 நாள்வரை தள்ளிப்போடலாம், அல்லது தினமும் இந்த நேரத்தில் மட்டும் என்று சொல்லலாம். 9இலிருந்து 90 நாள்வரை உறையவைக்கவும் முடியும். இரண்டு உறைவுக்கு நடுவே 60 நாள் இடைவெளி விட வேண்டும். முக்கியமான பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குத் தயாரிப்பாளர் விலக்கு வைத்திருக்கலாம். ஆக, சும்மா_சொல்றேன் கேட்கும் "நிரந்தர ஆஃப்" இதில் இல்லை. இருக்கவும் கூடாது என்பேன்.

ஓர் எச்சரிக்கை. லாக் டாஸ்க்கை இயக்குவதற்கு முன்னால், வெளியேறும் வழியை ஆப்புக்குள் எழுதுங்கள். ஓனரான ஆப்பை அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. ஆப்பே விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ரீசெட்.

பை_பித்தன்

ஆண்ட்ராய்டு இல்லை, ஆனால் என் கதையும் இதுதான். அறிவிப்புத் திரைக்கு ராஸ்பெர்ரி பை (ஒரு குட்டிக் கணினி) வைத்திருந்தேன். பூட் ஆனதும் குரோமியம் பிரவுசர் முழுத்திரையில் திறக்கும்படி எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பின் ஆட்டோஸ்டார்ட் ஃபைலில் ஒரு வரி எழுதியிருந்தேன். 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் இமேஜை (பையின் சிஸ்டத்தில் அடுத்த பதிப்பு) ஒரு புது மெமரி கார்டில் போட்டு, அந்த ஃபைலை அப்படியே காப்பி செய்தேன். வெறும் டெஸ்க்டாப்தான் வந்தது. பை 4, பை 5இல் வேலேண்டும் வேஃபயரும் (திரையைக் கையாளும் மென்பொருள்கள்) வந்துவிட்டன, பழைய ஃபைலை யாரும் படிப்பதே இல்லை. வேஃபயருக்கு ஏற்றபடி மாற்றி முடித்தேன், 2024 அக்டோபரில் வேஃபயருக்குப் பதில் லேப்டபிள்யூசி இயல்பாகிவிட்டது, அதற்கு ஆட்டோஸ்டார்ட் ஃபைல் வேறு இடத்தில். இரண்டு முறையும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதித்தான் இருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

இப்போது அந்த வரியை டெஸ்க்டாப்பிடம் ஒப்படைக்காமல் சிஸ்டம்டி (சிஸ்டத்தின் வேலைகளைத் தொடங்கிக் கண்காணிக்கும் லினக்ஸ் பகுதி) சர்வீஸாகவே எழுதிவிட்டேன். குரோமியம் விழுந்தாலும் அதுவே எழுப்பிவிடுகிறது. மேலே சொன்ன வீட்டுக்காரன் கணக்குத்தான்.

மூன்று_மாடி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்று மாலையே பத்துக்கும் அனுமதியைக் கொடுத்து நிலைமையைச் சமாளித்தேன். பிறகு உட்கார்ந்து ஹோம், டிவைஸ் ஓனர், லாக் டாஸ்க் மூன்றையும் எழுதினேன். ஹோம் என்பது மேனிஃபெஸ்டில் இரண்டே வரி. இதற்காகவா ஒரு வாரம் தூக்கம் கெட்டது என்று இருந்தது.

கணக்கு விஷயத்தில் மூன்று டேப்லெட் முரண்டு பிடித்தன. யாரோ எப்போதோ தங்கள் மெயிலைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீக்கியதும் கட்டளை ஓடியது. அப்டேட்டை இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், நீங்கள் எச்சரித்ததை மறந்து முதல் டேப்லெட்டிலேயே வெளியேறும் வழி வைக்காமல் பூட்டிவிட்டேன். நல்லவேளை, யூஎஸ்பி டிபக்கிங் ஆனில் இருந்தது. லோகோவை ஏழு முறை தட்டினால் வெளியே வரும்படி எழுதி, அதன் மேலேயே புது ஏபிகேயைப் போட்டு மீட்டேன். இரண்டே நாளில் சிறுவர் பகுதியில் ஒரு பையன் அந்த ஏழு தட்டைக் கண்டுபிடித்துவிட்டான். இப்போது தட்டிய பிறகு ஒரு பின்னும் கேட்கும்.

லாக்_பார்த்தீங்களா

அந்தப் பையனைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்து டேப்லெட்டில் அந்தப் பழைய அனுமதியை எடுத்துவிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?

மூன்று_மாடி

நாளை. நான்கு திருகு.