புதுப்பிப்பு: பாலிக் புலாவ் தோட்ட வீட்டுக்குத் தண்ணீரில்லாக் கழிப்பறை

பினாங்கில், பாலிக் புலாவ் மேட்டு டுரியான் தோட்டத்தில் உள்ள எங்கள் சின்ன வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, எந்தக் கழிப்பறை சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது: சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை.

எரித்துச் சாம்பலாக்கும் வகை வேண்டாம். அந்த மேட்டில் கேஸ் சிலிண்டரை யார் தூக்குவது? எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து மட்கும் வகையில் ஈரம் கூடினால் நாற்றமும் ஈயும் வந்துவிடும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் போதுமானது.

பலரும் கேட்டது, "கழுவுவதற்கு என்ன வழி?" நியாயமான கேள்வி. மேல்நாட்டு மாடல்கள் பெரும்பாலும் காகிதத்தால் துடைப்பவர்களுக்காகச் செய்தவை. திருச்சி மாவட்டம் முசிறியில் கட்டிய கழிப்பறைகளில் இதற்கு வழி இருக்கிறது: மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒன்று, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கழுவத் தனி இடம். கழுவிய நீர் செடிப் பாத்திக்குப் போகும். அதையே கொத்தனாரிடம் வரைந்து காட்டினோம். அத்தைக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

கீழே இரண்டு அறைகள். ஒவ்வொரு முறையும் சாம்பலும் உமியும் தூவ வேண்டும். ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி, 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடங்களில் 1 ஆண்டுக்கு மேல் மூடி வைக்கச் சொல்கிறது. அப்புறம்தான் மரத்தடிக்கு.

டுரியான் விழும் காலத்துக்குள் வேலை முடிய வேண்டும், சொந்தக்காரர் கூட்டம் வந்துவிடும். காற்றுக்குழாயின் மேல் கட்ட, துருப்பிடிக்காத கொசுவலை தீவில் எங்கே கிடைக்கும்?