மின்சார பிக்கப்பா, எஸ்யூவியா? கிளம்பும் முன் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டு ஆவதற்குள் பலரும் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி இது: "மின்சார வண்டி என்று முடிவாகிவிட்டது. பிக்கப் டிரக் வாங்கலாமா, எஸ்யூவி போதுமா?" எங்கள் வீட்டில் இரண்டும் நிற்கின்றன. டிரக் வந்து மூன்று வருடம். மூன்று வரிசை எஸ்யூவி வந்து ஒன்றரை வருடம். என்ன வண்டி என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும்.

வந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் டிரக் பக்கம் போகவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. டிரக்கை நான் நேசிக்கிறேன், அது வேறு விஷயம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். டிரக்கில் ஐந்து இருக்கை, தாராளம் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்தபோது அந்தக் கணக்கு விமான நிலைய வாசலிலேயே உடைந்தது. ஆறு பேர், எட்டுப் பெட்டிகள். நண்பர் ஒருவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதன் பிறகு எங்கே போனாலும் இரண்டு வண்டி, அல்லது ஒருவர் வீட்டில். இங்கே விற்கும் மின்சார பிக்கப்புகள் எதிலும் ஐந்து பேருக்கு மேல் உட்கார முடியாது. ரிவியன் ஆர்1எஸ் எஸ்யூவியில் ஏழு பேர் உட்காரலாம். கியா இவி9 ஆறு அல்லது ஏழு இருக்கைகளோடு வருகிறது. பெற்றோரை அழைத்துவரும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு வித்தியாசமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

இன்னொன்று ஏறி இறங்குவது. அம்மாவுக்கு முழங்கால் வலி. டிரக்கில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைப்பார். மற்றக் காலைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத்தான் வியர்க்கும். காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் நிறுத்தியதும் சில அங்குலம் தாழ்ந்து கொடுக்கின்றன. வயதானவர்கள் ஏறும் வண்டி என்றால் அந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நீளம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப் 19 அடிக்கும் மேல். ரிவியன் ஆர்1டி பிக்கப் ஏறக்குறைய 18 அடி. அதே அடித்தளத்தில் செய்த ஆர்1எஸ் 17 அடிக்கும் சற்றுக் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு காருக்குக் கோடு போட்டிருக்கும் இடம் பெரும்பாலும் 18 அடிதான். வீட்டு கேரேஜ்கள் பல 20 அடி ஆழம். அதிலும் வாட்டர் ஹீட்டரும் அலமாரியும் எடுத்துக்கொண்டது போக என்ன மிஞ்சும் என்று பாருங்கள். என் டிரக்கை உள்ளே விட்டால் முன்னால் ஒரு சாண், பின்னால் கதவு இறங்க நான்கு விரல். கூரையிலிருந்து பழைய டென்னிஸ் பந்தைத் தொங்கவிட்டு, அது கண்ணாடியில் தொட்டதும் நிறுத்துவேன். மனைவி அந்த கேரேஜுக்குள் டிரக்கை ஒருமுறைகூட விட்டதில்லை. ஒரு வண்டியை வீட்டில் ஒருவர் மட்டுமே ஓட்டினால் அது பாதி வண்டி.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, இரவில் வண்டி எங்கே நிற்கும் என்பது. அடுக்குமாடியில் கிடைத்தால் கிடைப்பது சாதாரண 120 வோல்ட் பிளக். அதில் 12 ஆம்பியர் ஓடினால் மணிக்கு 1.4 யூனிட், சேதாரம் போக 12 மணி நேரத்தில் 15 யூனிட் ஏறும். பெரிய டிரக் ஒரு யூனிட்டுக்கு இரண்டு மைல்தான் போகும். ஆக, ஓர் இரவுக்கு 30 மைல். சிறிய எஸ்யூவி அதே 15 யூனிட்டில் 45, 50 மைல் போய்விடும். அலுவலகம் போகவர 40 மைல் என்றால், டிரக் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வேலைநாளும் 10 மைல் குறைந்துகொண்டே வரும். எஸ்யூவிக்காரர் சும்மா இருப்பார். சொந்த வீடு இருந்து, 60 ஆம்பியர் பிரேக்கர் போட்டு, 48 ஆம்பியர் சார்ஜர் மாட்டினால் இந்தக் கவலை எதுவும் இல்லை. மணிக்கு 11 யூனிட்டுக்கு மேல் ஏறும், காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து, நகராட்சி அனுமதி வாங்கிச் செய்யுங்கள். மாமாவின் நண்பர் மலிவாகச் செய்து தருவார் என்று போகாதீர்கள்.

பொதுச் சார்ஜர்களில் இன்னொரு வேடிக்கை. டெஸ்லாவின் சார்ஜ் வாய் இடப்பக்கம் பின்னால். அதன் நிலையங்கள் அதற்கேற்ற மாதிரிதான் அமைந்தன. 2024 தொடக்கத்திலிருந்து ஃபோர்டு, ரிவியன் வண்டிகளும் அடாப்டரோடு அங்கே சார்ஜ் செய்யலாம். ஆனால் இவற்றின் வாய் இடப்பக்கம் முன்னால் இருக்கிறது. கேபிள் குட்டையாக உள்ள பழைய நிலையங்களில் பக்கத்து இடத்துக் கேபிளை இழுத்தால்தான் எட்டும்; ஒரு வண்டி இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கூட்டமான நாளில் பின்னால் வருபவர் முறைப்பார். முறைக்கட்டும், சிரித்துக் கையசைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இழுவைக்கு வருவோம். ஆர்1டி 11,000 பவுண்டு இழுக்கும், லைட்னிங் 10,000 வரை இழுக்கும், ஆர்1எஸ் 7,700, இவி9 அதிகபட்சம் 5,000 என்று ஏட்டில் இருக்கிறது. இழுக்கும், சந்தேகமில்லை, எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதுதான் கேள்வி. வீடு மாறியபோது மூடிய வாடகை டிரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முழு சார்ஜில் 300 மைல் போகும் வண்டி, நெடுஞ்சாலை ஏறிய அரை மணியில் 140 என்று காட்டியது. எடையைவிட, காற்றை முட்டிக்கொண்டு வரும் அந்தச் சதுரப் பெட்டிதான் தின்றது. சார்ஜ் நிலையத்தில் டிரெய்லரோடு நுழைய வழியில்லை. எதிரிலிருந்த காலி இடத்தில் அதைக் கழற்றி வைக்க வேண்டும். டிசம்பர் மாதம், கையுறை போட்டால் டிரெய்லரை மாட்டும் ஊசி பிடிபடவில்லை. கழற்றினால் விரல் மரத்துப்போனது. சங்கிலி, விளக்கு வயர், ஜாக்கி என்று ஒவ்வொன்றாக எடுத்து, சார்ஜ் செய்து, திரும்பவும் மாட்டினேன். ஒரே நாளில் மூன்று முறை. வருடத்துக்கு ஒருமுறை இழுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு ஒரு பெட்ரோல் டிரக்கை வாடகைக்கு எடுப்பது உத்தமம்.

குளிரில் எல்லா மின்சார வண்டிக்கும் தூரம் குறையும். குளிர்ந்த பேட்டரி சார்ஜையும் மெதுவாகத்தான் வாங்கும். கிளம்பும்போதே சார்ஜ் நிலையத்தை வண்டியின் வழிகாட்டியில் போட்டுவிட்டால், பல வண்டிகள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும்.

இவ்வளவு சொன்னவன் டிரக்கை ஏன் விற்கவில்லை? தோட்ட மண், பழைய மெத்தை, சேறு படிந்த சைக்கிள்கள் எல்லாவற்றையும் பின்தொட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திருப்பிக் கழுவிவிடலாம். எஸ்யூவிக்குள் மண்மூட்டை ஒன்று கிழிந்தால் மூன்று மாதம் கம்பளத்திலிருந்து மண் வரும், பட்டுத் தெரிந்துகொண்டது. முன்மூடிக்கு அடியிலிருக்கும் பெட்டியும் அருமை. லைட்னிங்கில் அது 14 கன அடி, 400 பவுண்டு வரை தாங்கும். அதே லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரை மின்சாரம் வெளியே எடுக்கும் வசதி உண்டு. ஒரு புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. என் டிரக்கில் அவ்வளவு சக்தி கிடையாது. ஆனாலும் ஒரு நீட்டிப்பு வயரை இழுத்து ஃபிரிட்ஜையும் இணையப் பெட்டியையும் ஓட்டினேன். இரண்டு நாள் முடிவில் பேட்டரியில் பத்து சதவீதம்கூடக் குறையவில்லை. வெளிமின்சாரம் தரும் எஸ்யூவிகளும் இருக்கின்றன என்பதால் இதற்காக மட்டும் டிரக் வாங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: டிரக் வாங்கினால், ஊரில் வீடு மாறும் எல்லாத் தமிழர்களும் உங்கள் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குப் பாதி நண்பர்கள் சோபா தூக்கிக் கிடைத்தவர்கள்தான்.

பணம் பற்றிச் சுருக்கமாக. 7,500 டாலர் கூட்டாட்சி வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. அது இன்னும் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாநிலக் கட்டணத்தையும் பாருங்கள்: டெக்சாஸில் புதிய மின்சார வண்டியைப் பதியும்போது 400 டாலர், பிறகு வருடா வருடம் 200 டாலர் கூடுதல். சில கடன் நிறுவனங்கள் விசா முடியும் தேதியைப் பார்த்தே தவணைக் காலத்தைத் தருகின்றன. வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். இந்த நாட்டில் ஓட்டிய வரலாறு இல்லாதவர்களுக்கு அது மாதத் தவணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். என் டிரக் 7,000 பவுண்டு. முதல் டயர்கள் 22,000 மைலில் வழுக்கையாகிவிட்டன. பின்பக்கம் விழுந்த சிறு நசுங்கலைச் சரிசெய்ய, அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டறை 90 மைல் தள்ளி இருந்தது. ஆறு வாரம் காத்திருந்தோம். உங்களுக்கு அருகிலுள்ள பட்டறை எது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பழைய வண்டி பார்ப்பவர்கள் பேட்டரி உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். வழக்கமாக எட்டு வருடம் அல்லது 100,000 மைல்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது குழந்தை இருக்கைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், நீங்களே பின்வரிசையில் மாட்டிப் பாருங்கள். இரண்டு மாட்டிய பிறகு நடுவில் ஒருவர் உட்கார முடிகிறதா, உட்கார்ந்தவர் பெல்ட்டின் கொக்கியைத் தேடி எடுக்க முடிகிறதா? விற்பவர் அவசரப்படுத்துவார். நீங்கள் மெதுவாகவே மாட்டுங்கள்.