எஸ்டிஎம்32எச்743 + எஸ்டிரேம்: டெஸ்ட் பாஸ் ஆகுது, ஒரு மணி நேரத்தில் ஐகான்களில் புள்ளி விழுது

பீன்யா பேனல்:
வணக்கம். பெங்களூர் பீன்யாவில் ஓடுற ஒரு பேக்கிங் மெஷினுக்கு எச்எம்ஐ (இயக்குறவர் பார்க்கிற திரை) போர்டு. எஸ்டிஎம்32எச்743 மைக்ரோகன்ட்ரோலர், 16 பிட் பஸ்ஸில் விண்பாண்ட் டபிள்யூ9825ஜி6கேஎச்-6 எஸ்டிரேம் (வெளி மெமரி சிப்), 32 எம்பி. டிஸ்ப்ளே 800×480, ஆர்ஜிபி565. எஃப்எம்சி (வெளி மெமரி கன்ட்ரோலர்) கிளாக் 200, எஸ்டிரேம் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். ரோ 13 பிட், காலம் (நெடுவரிசை) 9 பிட், 4 பேங்க், காஸ் 3. ரெஃப்ரெஷ் கவுன்ட் (ஒரு ரெஃப்ரெஷுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை கிளாக்) 1386, எஃப்429 டிஸ்கவரி போர்டு உதாரணத்தில் இருந்தது. எம்பியூ (மெமரிப் பகுதிகளுக்கு விதி வைக்கிற யூனிட்) எதுவும் போடலை.

32 எம்பி முழுக்க எழுதிப் படிக்கிற டெஸ்ட் பாஸ். பிரச்சினை ரெண்டு:
1. மூடின பேனலுக்குள் ஒரு மணி நேரம் ஓடினதும், ரேமில் விரிச்சு வெச்ச ஐகான்களில் புள்ளிகள் வருது. பின்னணித் திரை சுத்தமா இருக்கு. மேஜை மேல எவ்வளவு நேரம் ஓடினாலும் வர்றதில்லை.
2. மாட்பஸ் பாக்கெட்டை ஒரு பேக்டு (இடைவெளி விடாம அடுக்கின) ஸ்ட்ரக்சரில் படிக்கும்போது ஹார்ட் ஃபால்ட், புரோகிராம் நின்னுடுது. அதே பஃபரை உள் ரேமில் வெச்சா ஓடுது.

சில்க் ஸ்க்ரீன்:
சிப்பை லூஸில் வாங்கினீங்களா? மேல பேர் மாத்தி அடிச்ச சரக்கா இருக்கலாம். முதலில் கிளாக்கைக் குறைச்சுப் பாருங்க.

அல்சூர் வாசி:
சிப் மேல பழி போட அவசரம் வேண்டாம். 1386 என்கிற எண்ணே போதும்.

அது வேற சிப்புக்கான கணக்கு. டிஸ்கவரி போர்டில் இருக்கிறதுக்கு 4096 ரோ, கிளாக் 90 மெகாஹெர்ட்ஸ். எல்லா ரோவையும் ஒரு சுற்று ரெஃப்ரெஷ் பண்ணி முடிக்க வேண்டிய 64 மில்லி செகண்டை 4096 ஆல் வகுத்தா 15.62 மைக்ரோ செகண்ட், 90 ஆல் பெருக்கினா 1406, பாதுகாப்புக்கு 20 கழிச்சா 1386. உங்க சிப்புக்கு 8192 ரோ. 64 மில்லி செகண்ட் ÷ 8192 = 7.81 மைக்ரோ செகண்ட், × 100 = 781, கழித்தல் 20 = 761. இப்போ நீங்க வெச்சிருக்கிறதில் எல்லா ரோவையும் ஒரு சுற்று ரெஃப்ரெஷ் பண்ண சுமார் 114 மில்லி செகண்ட் ஆகுது.

அறை வெப்பத்தில் செல்கள் 64 மில்லி செகண்டைத் தாண்டியும் தாங்கும், அதனால்தான் மேஜையில் தெரியலை. சூடு ஏற ஏற லீக்கேஜ் கூடும். பலவீனமான செல்கள் முதலில் விழும். பின்னணி ஏன் கெடலைன்னா, ஒரு ரோவைப் படிச்சாலே அதுக்கு ரெஃப்ரெஷ் ஆன மாதிரி. உங்க ரோ ஒவ்வொண்ணும் 1 கேபி, ஃப்ரேம் பஃபர் (திரையில் காட்டுற படம் இருக்கிற இடம்) 750 ரோ, எல்டிடிசி (டிஸ்ப்ளே கன்ட்ரோலர்) அதை 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் படிக்குது. ஐகான் சும்மா கிடக்கு, அதான் அடி வாங்குது.

எழுதின உடனே படிக்கிற டெஸ்ட் இதைப் பிடிக்காது. ஒவ்வொரு இடத்திலும் அதன் முகவரியையே மதிப்பா எழுதுங்க. முழுசும் எழுதி முடிச்சு, டிஸ்ப்ளேயை நிறுத்தி, அஞ்சு நிமிஷம் தொடாம விட்டு அப்புறம் படிங்க. ஹாட் ஏரை மெதுவா வெச்சு சிப் மேல் 60 - 65 டிகிரி வரைக்கும் கொண்டு போங்க, எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற சாதாரண தெர்மோகப்பிள் மீட்டர் போதும். வெறும் -6 சிப்புக்கு 70 தான் எல்லை. பேனலுக்குள் போற போர்டுக்கு, -6 க்குப் பின்னாடி ஆங்கில 'ஐ' எழுத்து இருக்கிற ரகத்தை வாங்குறது நல்லது, அது 85 வரைக்கும்.

முகவரியை எழுதுறதில் இன்னொரு லாபம்: காலம் 8 பிட்னு தவறா வெச்சிருந்தா 16 எம்பிக்கு மேல எழுதுறது முதல் பாதியின் மேலேயே விழும். ஒரே மாறிலியை எழுதுற டெஸ்டுக்கு அது தெரியவே தெரியாது.

ஹெக்ஸ் டம்ப்:
ரெண்டாவது எம்பியூ சமாச்சாரம். கார்டெக்ஸ்-எம்7 இல் எஸ்டிரேம் உட்காருற முகவரிப் பகுதி இயல்பா 'டிவைஸ்' வகை. அங்கே அலைன் ஆகாத (டேட்டா அளவின் மடங்கில் தொடங்காத முகவரியில்) அணுகல் வந்தா நேரா ஃபால்ட். சிஎஃப்எஸ்ஆரில் (ஃபால்டின் காரணம் பதியிற ரெஜிஸ்டர்) 24-வது பிட் ஏறியிருக்கான்னு பாருங்க, அதான் அன்அலைன்ட்.

ரீஜன் 0: எஸ்டிரேம் தொடக்கத்திலிருந்து 32 எம்பி, டெக்ஸ் 1, சி 1, பி 1, எஸ் 0 (கேஷ் ஆகும்). ரீஜன் 1: அதே தொடக்கத்தில் 2 எம்பி, டெக்ஸ் 1, சி 0, பி 0 (கேஷ் ஆகாது), ரெண்டு ஃப்ரேம் பஃபரும் சேர்ந்து 15,36,000 பைட், அதுக்குள்ள அடங்கிடும். ஒண்ணு மேல ஒண்ணு வந்தா பெரிய எண் ரீஜன்தான் செல்லும். எஸ் பிட்டை 1 ஆக்கினா எம்7 அதைக் கேஷ் பண்ணாது, போட்ட கேஷ் வீண். ரைட்-த்ரூ (எழுதினதை உடனே ரேமுக்கும் அனுப்புற கேஷ் முறை) வைக்காதீங்க, எச்743 எரேட்டாவில் (சிப்பின் குறைப் பட்டியல்) அதுக்கு டேட்டா கெடுற குறை போட்டிருக்காங்க.

இதுக்கு அப்புறமும் எல்டிஆர்டி, எல்டிஎம் மாதிரி ஒரே தடவையில் பல வேர்டு படிக்கிற கட்டளைகளுக்கு அலைன்மென்ட் வேணும். பைட் பாயின்டரை டபுள் பாயின்டரா மாத்திப் படிக்கிற கோடு இருந்தா மெம்காப்பிக்கு மாத்துங்க.

அல்சூர் வாசி:
டைமிங்கையும் ஒரு தடவை பாருங்க. டிராஸ் (ரோ குறைஞ்சது திறந்திருக்க வேண்டிய நேரம்) 42 நானோ செகண்ட், 100 மெகாஹெர்ட்ஸில் 5 சைக்கிள், டிஆர்சிடி (ரோ திறந்து காலத்தைத் தொட விட வேண்டிய இடைவெளி) 2. டேட்டாஷீட்டைப் பார்த்து டிடபிள்யூஆர் (எழுதி முடிச்சு பிரீசார்ஜுக்கு முன் விட வேண்டிய இடைவெளி) 2 னு போடுறவங்கதான் அதிகம். ஆனா எஃப்எம்சிக்கு அது டிராஸ் கழித்தல் டிஆர்சிடிக்குக் குறையக் கூடாது, அதாவது 3. கியூப்எம்எக்ஸ் (தொடக்கக் கோடை உருவாக்குற கருவி) கன்ட்ரோலரை மட்டும்தான் அமைக்கும். கிளாக் எனேபிள், 200 மைக்ரோ செகண்ட் காத்திருப்பு, எல்லா பேங்குக்கும் பிரீசார்ஜ், 8 ஆட்டோ ரெஃப்ரெஷ், மோட் ரெஜிஸ்டர், கடைசியா ரெஃப்ரெஷ் கவுன்ட், இதெல்லாம் நாமதான் எழுதணும்.

பீன்யா பேனல்:
761 போட்டேன், 64 டிகிரியில் டெஸ்ட் சுத்தம். ஃபால்டும் போச்சு. ஆனா எம்பியூ போட்ட பிறகு, புதுசா விரிச்ச ஐகானை டிஎம்ஏ2டி (சிபியூ இல்லாம படத்தை நகர்த்துற பகுதி) காப்பி பண்ணும்போது மட்டும் சின்னச் சின்ன கோடு விழுது.

ஹெக்ஸ் டம்ப்:
எவ்வளவு நீளம்? 16 பிக்சலா இருந்தா அது ஒரு கேஷ் லைன், 32 பைட். சிபியூ எழுதினது இன்னும் கேஷில் நிக்குது, டிஎம்ஏ2டி ரேமில் இருக்கிற பழசைப் படிக்குது. ஐகானை விரிச்சு முடிச்சதும், டிஎம்ஏவைத் தொடங்குறதுக்கு முன்னாடி அந்த முகவரி வரம்புக்கு டி-கேஷ் கிளீன் (கேஷில் நிக்கிறதை ரேமுக்கு எழுதுறது) கூப்பிடுங்க. பஃபர் தொடக்கமும் நீளமும் 32 இன் மடங்கா இருக்கட்டும்.