முதல் கோட்டை எப்படி விழுந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி நடத்தும் கணினி விளையாட்டான டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் 2006 முதலே இலவசமாகக் கிடைத்துவந்தது. திரை முழுக்க வெறும் எழுத்துக்குறிகள். இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டேன். 2022 டிசம்பரில் படங்களோடு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஏழு குள்ளர்களையும் ஒரு வண்டிச் சாமானையும் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, ஆட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் நிலத்தடி ஊற்று உண்டு என்று முதலிலேயே எச்சரித்தது. யார் கேட்டார்கள்? கொஞ்சம் தோண்டியதும் "ஈரக் கல்" என்று வேலை நின்றது. மறுபடி தோண்டச் சொன்னேன். மறுபடி நின்றது. வீம்புக்குத் தோண்டவைத்து, ஊற்றையும் தாண்டிக் கீழே களஞ்சியம் வெட்டினேன். சுவரில் வியர்வை போலத் துளிர்த்த நீர் படிக்கட்டு வழியே இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த ஆட்டத்தில் நீரின் ஆழத்துக்கு ஒன்று முதல் ஏழு வரை கணக்கு. களஞ்சியத்தில் நான்கைத் தொட்டபோது அப்பா பின்னால் வந்து நின்றார். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே நிலக்கரி. உன் பம்பு எங்கேடா?"

என்னிடம் பம்பும் இல்லை, பதிலும் இல்லை. அடுத்த கோட்டையில், ஈரக் கல் வந்த அடுக்கில் படிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் வெட்டி, உடனுக்குடன் சுவர் வைத்து அடைத்தேன். மெதுவாகக் கசியும் ஊற்றுக்கு இது போதும். வேகமாகப் பாய்கிற வகை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடலூர் முதுநகர்

என் கோட்டையில் ஒரு சொட்டு நீர் கசியவில்லை. வாசலில்தான் போயிற்று. தூக்குப் பாலம் இருந்தால், கோட்டையைத் தாக்க வரும் காப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் படையைப் பற்றிக் கவலை இல்லை என்றார்கள். பாலத்தை இயக்கும் நெம்புகோலுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க இரண்டு என மூன்று கல் பொறிகள் செய்து, நெம்புகோலைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தேன். முற்றுகை வந்தது. இழுக்கச் சொன்னேன். இழுக்க வேண்டியவன் சாவகாசமாக நடந்து வந்தான். பாலம் மேலே எழவில்லை, மறைந்துபோயிற்று! கட்டும்போது எந்தப் பக்கம் எழ வேண்டும் என்று குறிக்காமல், உள்ளிழுத்துக்கொள்ளும் வகையைத் தேர்ந்திருக்கிறேன். எழுகிற பாலம்தான் சுவராக நின்று வழியை மறிக்கும். உள்ளிழுக்கிற பாலத்துக்கு அடியில் அகழி வேண்டும். என் பாலத்துக்கு அடியில் இருந்தது சமதரை. காப்ளின்கள் செருப்பில் மண்கூட ஒட்டாமல் உள்ளே வந்தார்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இருவருக்கும் எதிரி என்று ஒன்றாவது வந்தது. என் கோட்டையில் மது தீர்ந்தது. புதுச்சேரிக்காரன் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. குள்ளர்களுக்கு மது இல்லாவிட்டால் வேலையில் வேகம் போய்விடும், முகமும் தொங்கிவிடும். நிலத்தடிக் காளான் பயிரிட்டேன், நன்றாகவே விளைந்தது. விளைந்ததை எல்லாம் சமையலறைக்கு அனுப்பினேன். அங்கேதான் தவறு. காளானைப் பச்சையாகத் தின்றாலும் மது காய்ச்சினாலும் விதை மிஞ்சும், சமைத்தால் மிஞ்சாது. விதைநெல்லைக் குத்திப் பொங்கிவிட்டேன் என்று புரிந்தபோது வயலும் காலி, பீப்பாய்களும் காலி.

இலையுதிர் காலத்தில் வணிகர்கள் வந்தார்கள். அவர்களிடம் பீப்பாய் பீப்பாயாக மது இருந்திருக்கும். நான்தான் வணிகக் கூடம் கட்டியிருக்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்கள்.